ஜமீலா அக்கா உயர்த்திய இருக்கை

சென்ற வாரம் படகுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஜமீலா அக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா மௌத்தாயிட்டாங்க. காலையில டீ குடிச்சிட்டுத்தான் படுத்தாங்க." டீசல் கேனை அங்கேயே வைத்துவிட்டு, அக்காவின் உடலைப் பார்க்க ஓடினேன்.

எங்கள் ஊர் தேங்காய்த்திட்டில் அக்காவை அறியாதவர்கள் இல்லை. கணவர் விட்டுச்சென்ற சுற்றுலாப் படகை அவர் நடத்தினார், நான் ஓட்டினேன். சத்தம் போட்டுச் சிரிப்பார், சத்தம் போட்டே சண்டையும் பிடிப்பார். ஆனால் அந்தக் கழிப்பறைக் கதை உங்களில் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

எங்கள் படகின் கழிப்பறைக் கோப்பை ஒரு குட்டி முக்காலி உயரம்தான் இருக்கும். முட்டித் தேய்மானம் முற்றிய பிறகு ஒருநாள், நடுக்கடலில் அதில் உட்கார்ந்த அக்காவால் எழ முடியவில்லை. இரண்டு பெண் பயணிகள் உள்ளே போய்த் தூக்கிவிட்டார்கள். வெளியே யாரோ சிரித்தார்கள். கரை சேரும்வரை அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"இனிமே கரையிலயே இருந்து டிக்கெட்ட பாத்துக்கோம்மா" என்றாள் மகள்.

"என் படகுல நான் போவக் கூடாதா? என் முட்டி இனிமே எறங்காது. அந்தக் கோப்ப ஏறட்டும்."

பலகையில் ஒரு பெட்டி அடித்து, கோப்பையை அதன்மேல் பொருத்தினேன். அலையில் பெட்டி ஆடி, குழாய் பிடுங்கிக்கொண்டு தரையெல்லாம் தண்ணீர். படகு கட்டித்தந்தவரும் கையை விரித்துவிட்டார். "ஒசத்துனா தலை கூரையில இடிக்கும்க்கா. வுட்டுடுங்க."

அக்கா விடவில்லை. கோப்பையைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னார். அடியில் பலகைகளை அடுக்கவைத்து, பட்டப்பகலில், வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால், புடவையோடு அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து பார்த்தார். "இன்னொரு பலக வைப்பா."

"அக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டுமே! இவங்க வூட்லயும் முட்டி வலிக்கிறவங்க இருப்பாங்கல்ல?"

அதுவரை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த வலைக்காரர்களில் ஒருவர்தான் எழுந்து வந்து அந்தப் பலகையைக் கொடுத்தார்.

அதே உயரத்துக்குக் கண்ணாடியிழையில் மேடை வார்த்துப் படகின் தரையோடு ஒட்டினோம். குழாய்களை நீட்டினோம். கால் தொங்காமலிருக்க ஒரு படி, பிடித்து எழ ஒரு கம்பி. உட்கார்ந்தால் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேலேயே இடமிருந்தது.

முதல் பயணத்துக்கு அக்கா தன் தெருப் பெண்களைக் கூட்டிவந்தார். பாதிப் பேருக்கு முட்டி வலி. கடலோரத்திலேயே வாழ்ந்தும் படகேறாதவர்கள். வீராம்பட்டினம் கரைக்கு நேராகப் போகும்போது அலை தூக்கிப்போட்டது. அக்கா அந்த நேரம் பார்த்துத்தான் கழிப்பறைக்குள் போனார். எஞ்சினைக் குறைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. யார் துணையும் இல்லாமல் எழுந்து வந்தவர், வாசலில் நின்று இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார். பெண்கள் போட்ட கூச்சலில் நான் அடித்த ஹாரன் எனக்கே கேட்கவில்லை.

படகேறும் பெண்கள், கழிப்பறைக்குப் போக நேருமே என்று, தொண்டை வறண்டாலும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அன்று அக்கா ஆளுக்கொரு இளநீரைக் கையில் திணித்தார். "பயப்படாம முழுசா குடிங்கடி! இது நம்ம படகு!" ஒருவர் மிச்சமில்லாமல் குடித்தார்கள்.

அக்காவின் புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அந்தக் குரல் காதில் இருக்கிறது.