கடற்கோட்டையின் கம்பிக்கதவு

இதை நான் கனவில் காணவில்லை. பட்டப்பகலில், கண்ணைத் திறந்துகொண்டு நின்றபோது நடந்தது. சந்தேகம் என்றால் அகஸ்ரீனாவைக் கேளுங்கள். அவளும் நானும் இத்தாலியில், பலேர்மோ நகரில், ஒரே கட்டடத்தில் வேலை. மேல்மாடியில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, வீட்டுக்கார அம்மாவை, நான் பார்த்துக்கொள்கிறேன். கீழ்மாடியில் அவள் சமையல்.

போன வருடம் ஐப்பசி மாதம். என் தம்பி நிதுசன் வெளிக்கிட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. இத்தாலியில் அவனுக்கு விசா கிடைக்கவில்லை. லண்டனுக்குப் போகிறேன் என்றான். எப்படி என்று கேட்டேன். "அதை விடுங்கோ அக்கா. போன் நிப்பாட்டி இருக்கும். பயப்பிடாதேங்கோ" என்றான்.

சின்ன வயதிலேயே தாயை இழந்தவன். நான்தான் வளர்த்தேன். எப்படிப் பயப்படாமல் இருப்பது?

அந்த ஞாயிறு அகஸ்ரீனா என்னை இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். "போனையே பாத்துக்கொண்டு இருந்தால் உனக்கு விசர்தான் பிடிக்கும். வா, துறைமுகத்துக் கோட்டையைப் பாத்திட்டு வருவம்."

கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கோட்டை அது. ஸ்பானியர் ஆண்ட காலத்தில் சிறையாகவும் இருந்ததாம். இப்போது பாதி இடிந்து, புல் முளைத்துக் கிடக்கிறது.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். ஆபிரிக்கப் பக்கமிருந்து சூடான காற்று அடித்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. அகஸ்ரீனா கடலைப் படம் எடுக்கப் போனாள். நான் நிழல் தேடிக் கோபுரத்துக்குக் கீழே இறங்கினேன்.

அங்கே ஒரு கம்பிக்கதவு. பெரிய பூட்டு. உள்ளே இருட்டு.

குளிர்ந்தது. கம்பிக்குள் இருந்து குளிர்பெட்டியைத் திறந்ததுபோல் காற்று வந்தது. என் மூச்சு புகையாகப் போனது.

நிலம் அதிர்ந்தது. எங்கேயோ ஒரு பெரிய எஞ்சின் இரைந்தது. கப்பல் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். கப்பல் ஒன்றும் அசையவில்லை.

டொக்... டொக்... டொக்...

உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். கல்லில் தட்டும் சத்தம் இல்லை. தகரத்தில் தட்டும் சத்தம்.

"அக்கா..."

கம்பியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன்.

"அக்கா, கதவைத் திறவுங்கோ. மூச்சு முட்டுது."

"நிதுசன்! நீ எப்பிடி இஞ்சை?"

இருட்டுக்குள் இருந்து ஒரு கை வந்தது. பெருவிரலில் சின்ன வயதில் வெட்டுப்பட்ட தழும்பு. அவன் கைதான். பிடித்தேன். ஐஸ்.

பூட்டை இழுத்தேன். அசையவில்லை.

"குளிருது அக்கா..."

"பொறு ராசா. திறப்பு எடுத்துக்கொண்டு வாறன். இப்ப வந்திடுவன்."

கையை விட்டேன்.

ஓடினேன்.

வாசலில் நின்ற காவலாளியை இழுத்துவந்தேன். அகஸ்ரீனாவும் ஓடிவந்தாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே திறப்பைப் போட்டுப் பூட்டைத் திறந்தான்.

உள்ளே அறையே இல்லை.

கதவுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் கல்லுச் சுவர். எந்தக் காலத்திலேயோ கட்டி அடைத்த சுவர். குளிரும் இல்லை. சத்தமும் இல்லை.

"ஆரையடி தேடுறாய்?" என்றபடி அகஸ்ரீனா என் கையைப் பிடித்தாள். உடனே விட்டாள். "என்ன இது... கை விறைச்சுப்போய்க் கிடக்கு!"

கம்பியடியில் என்ன பேசினோம் என்று அவளிடம் மட்டுமல்ல, யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பொலிஸ் கூப்பிட்டது. பிரான்சில் தெருவோரம் நின்ற ஒரு குளிர்பெட்டி லொறி. உள்ளே மூன்று பேர். ஒருவன்தான் தப்பினான். அது என் தம்பி இல்லை. ஞாயிறு பின்னேரமே உயிர் போயிருக்கும் என்றார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, தப்பிய அந்தப் பொடியன் றோபேட் போன் எடுத்தான். கனநேரம் அழுதான்.

"அக்கா, நிதுசன் கடைசியிலை பயப்பிடேல்லை. சிரிச்சவன். 'அக்கா வந்திட்டா, என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா' எண்டவன்."

போனைக் காதோடு அழுத்தினேன்.

"பிறகு?"

"பிறகு... கதவுப்பக்கம் கையை நீட்டினபடியே இருந்தவன். நான் 'தூங்காதை' எண்டு அவனைத் தட்டினனான். 'சத்தம் போடாதை, அக்கா திறப்பு எடுக்கப் போயிட்டா' எண்டவன்."

றோபேட் திரும்பவும் அழத் தொடங்கினான்.

"'இப்ப வந்திடுவா' எண்டு சொல்லிச் சொல்லித்தான் அக்கா... கண்ணை மூடினவன்."