அமாவாசையன்று கடலுக்குப் போனது

என் மகள் கட்டிக்கொண்டது கடலோரக் குப்பத்துப் பையனை. இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கல்யாணம் ஆன ஆறாவது மாதம் மாப்பிள்ளை கம்பெனியை விட்டுவிட்டுத் தன் அண்ணனோடு படகில் போக ஆரம்பித்தார். அன்றிலிருந்து எனக்குத் தறியில் கை ஓடவில்லை. கொஞ்சம் நெய்வேன், போனை எடுப்பேன். "மாப்ள வந்துட்டாராம்மா?" இன்னும் இல்லை என்பாள். அரைமணி கழித்து மறுபடி எடுப்பேன். டிவியில் கடலில் காற்று என்று சொன்னால், அது எந்தப் பக்கத்துக் கடல் என்று விளங்காது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வரைபடத்தில் நீலமாக இருப்பதெல்லாம் எனக்கு ஒன்றுதான்.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"நீ இப்டி போன் பண்ணிக்கினே இருந்தா எனக்கும் பயம் ஒட்டிக்கும்பா. ஒரு வாட்டி வந்து அவரோட படகுல போய்ப் பாரு. பாத்துட்டு, அதுக்கப்புறம் அவரு கரை ஏறுற வரைக்கும் போன் பண்ணக் கூடாது. இல்லன்னா நான் போனை ஆஃப் பண்ணி வெச்சுடுவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். நான் படகில் ஏறியாக வேண்டும். இல்லையென்றால் அந்த ஒரு குரலும் போய்விடும். தென்னேரி ஏரியில் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காதவன் நான்.

எங்களுக்குத் தறி நிற்பது அமாவாசையன்றுதான். அதனால் அமாவாசையன்று வருகிறேன் என்றேன். மாப்பிள்ளை போனை வாங்கி, "அன்னிக்குத் தண்ணி இழுக்கும் மாமா. பரவால்ல, வாங்க" என்றார். தண்ணீர் எதை இழுக்கும், எங்கே இழுக்கும் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னும் பயமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். என் மனைவி, அமாவாசையும் அதுவுமாக மீன் பிடிக்கப் போகிற ஆளை இந்தத் தெருவிலேயே பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே பைக்குள் துண்டு வைத்தாள்.

முதல்நாள் மத்தியானமே மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் மாப்பிள்ளை என்னைக் கரையில் நிற்கவைத்து, ஈயக்குண்டு கட்டிய நைலான் நரம்பைச் சுழற்றி அலைக்கு அந்தப்பக்கம் எறிந்து, நுனியை என் விரலில் கொடுத்தார். மீன் கடித்தால் தெரியும் என்றார். எனக்கு எல்லாமே கடிப்பது போலத்தான் இருந்தது. அலை வந்தாலும் இழுத்தேன், அலை போனாலும் இழுத்தேன். "மாமா, அது கடலு. மீனு இல்ல" என்று நாலு தடவை சொன்னார். இழை ஒன்று தளர்ந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிற விரல் இது. அங்கே அதற்கு ஒன்றும் புரியவில்லை. ஏழெட்டு இழுப்புக்குப் பிறகு, வெள்ளையாக, விரல் நீளத்தில் ஒரு கிழங்கான் மீன் வந்தது. அது கடித்ததே எனக்குத் தெரியாது. நான் பிடித்தேனா, அதுவாக வந்ததா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் ஒரு கூடையில், மாப்பிள்ளை நரம்பு நுனியில் முள் கட்டித் தயாராக வைத்திருந்த தூண்டில்கள் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். முடிச்சு ஒவ்வொன்றும் மிளகளவு பெரிதாக இருந்தது. கட்டி முடித்த நுனி பூனை மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு முடிச்சு என் தறியின் பாவு இழையில் இருந்தால், சீப்பு மாதிரி இருக்கிற அச்சின் பல்லுக்குள் நுழையவே நுழையாது. சிக்கி, பக்கத்து இழைகளையும் அறுத்துவிடும். அறுந்த பட்டிழையை நாங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பிணைத்து, நுனியை நகத்தோடு ஒட்டக் கிள்ளிவிடுவோம். சரி, இந்த உதவியாவது செய்யலாமே என்று தோன்றியது. எல்லாவற்றையும் பிரித்து எங்கள் முறைப்படி கட்டினேன். நுனியைப் பல்லால் ஒட்டக் கடித்தெடுத்தேன். இருபது முள். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அவர்களாகப் பார்த்துக் கேட்கட்டும் என்று ஒரு சின்ன ஆசை.

பைபர் படகு. மாப்பிள்ளை, அவர் அண்ணன், நான். அலையைத் தாண்டும்போது படகு நெட்டுக்குத்தலாக நின்றது. அப்போது நான் கும்பிட்டது வரதராஜரையா ஏகாம்பரநாதரையா என்று நினைவில்லை. தாண்டியதும் எல்லாம் அமைதியாகிவிட்டது. அதுதான் இன்னும் குழப்பம். பயப்பட வேண்டியது முடிந்துவிட்டதா, இனிமேல்தானா?

கரையில் தென்னைமரங்கள் தெரிகிற தூரத்திலேயே நங்கூரம் போட்டார்கள். பத்து மணிக்குத் திரும்பிவிடலாம் என்று மகளிடம் சொல்லியிருந்தார்கள். கடம்பா என்கிற கணவாயைத் துண்டு போட்டு முள்ளில் கோத்து இறக்கினோம். அண்ணன் நரம்பு வெடுக்கென்று இழுத்தது. அவர் சுண்டி இழுத்தார், லேசாகிவிட்டது. மேலே வந்த நரம்பில் முள் இல்லை. அடுத்தது மாப்பிள்ளைக்கு. அதிலும் முள் இல்லை. மூன்றாவதும் அப்படியே போனபோது அண்ணன் கடலைத் திட்டினார்.

"பேத்தை மீனுக் கூட்டம்டா. பல்லால அறுத்துக்கினு போவுது. இங்க நின்னா ஒரு முள்ளும் மிஞ்சாது. உள்ள போலாம்."

உள்ளே என்றால் கரைப்பக்கம் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். படகு வெளிப்பக்கம் திரும்பியது. தென்னைமரங்கள் கோடாகி, கோடும் போய்விட்டது. போனில் சிக்னல் போய்விட்டது. மறுபடி இறக்கினார்கள், மறுபடி முள் போனது. பேத்தை இங்கேயும் வந்துவிட்டதே, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்று அண்ணன் இன்ஜின் கயிற்றைப் பிடித்தார். அந்தச் சமயத்தில்தான் என் நரம்பும் லேசாகி, அதை நான் மேலே இழுத்தேன்.

நுனி என் கையில் இருந்தது. அறுந்த இழையை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். அறுந்தால் நுனி வெட்டின மாதிரி நிற்கும். இது முடிச்சு இருந்த இடத்தில் சுருள் சுருளாக வளைந்திருந்தது. இது அறுந்ததில்லை, அவிழ்ந்தது. பட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நைலான் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டிருக்கிறது. மாப்பிள்ளை நுனியை நீட்டி விட்டிருந்தது அதற்காகத்தான் போலிருக்கிறது.

பேத்தை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. நான்தான் இவர்களைக் கரை தெரியாத இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சொல்லாமல் விட்டால் இன்னும் தூரம் போவார்கள். சொன்னால், பெண் கொடுத்த இடத்தில் என்ன மரியாதை மிஞ்சும்? அண்ணன் கயிற்றை இழுக்கக் கையை ஓங்கிவிட்டார்.

"மாப்ள, நிறுத்தச் சொல்லுங்க. பேத்தை இல்ல. நான்தான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை மிச்சமிருந்த ஒரு முள்ளை எடுத்து, முடிச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டு விரலால் இழுத்தார். முள் தனியாக வந்துவிட்டது. அண்ணன் படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பேத்தை கூட இவ்ளோ நீட்டா செய்யாது மாமா. அடுத்த வாட்டி ஜரிகையும் போட்டுக் குடுத்துடு."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மிஞ்சிய முட்களை ஒவ்வொன்றாக மறுபடி கட்டினார். அதற்கே நேரம் போய்விட்டது. தண்ணீர் வேறு ஒரேயடியாக இழுத்தது. ஈயக்குண்டு அடியில் நிற்காமல் நரம்பு சாய்ந்து சாய்ந்து போனது. மூன்று சங்கராவும் ஒரு கெளுத்தியும் கிடைத்தன. அதில் ஒரு சங்கரா என்னுடையது என்றார்கள். நம்பினேன்.

கரை கண்ணுக்குத் தெரிந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்த என் போன் திடீரென்று அதிர்ந்து, நிற்காமல் அதிர்ந்தது. எல்லாம் மகள் கூப்பிட்டவை. மாப்பிள்ளை தன் போனிலும் அதையே பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். இத்தனை நாளில் அவள் அவரை ஒருமுறைகூட இப்படிக் கூப்பிட்டதில்லை என்று அண்ணன் சொன்னார்.

அவள் மணலில் நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. எத்தனை நேரம் நின்றாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. தாமதத்துக்குக் காரணத்தை அண்ணன் படகு தரை தட்டுவதற்குள்ளேயே சத்தமாகச் சொல்லிவிட்டார். அவள் கேட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து இறக்கினாள். அவள் கை ஈரமாக இருந்தது. நானாவது கடலில் இருந்து வருகிறேன், அவளுக்கு ஏன் ஈரம்?

"பாத்துட்டல்ல? பயம் போச்சா?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "இல்லமா. முன்னாடி எதுக்குப் பயப்படறோம்னே தெரியாது. இப்ப அலை, இன்ஜினு, கயிறு, முடிச்சுன்னு வரிசையா தெரியுது."

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரி. காலைல ஒரு போன் பண்ணிக்கோ" என்றாள்.

"ரெண்டு."

"ஒண்ணுப்பா."

"மத்தியானம் ஒண்ணு."

அவள் குனிந்து கூடையிலிருந்து கெளுத்தியை, முள் குத்தாமல் வாலைப் பிடித்துத் தனியே எடுத்து வைத்தாள். நான் இரண்டு என்றே எடுத்துக்கொண்டேன்.