தறப்பாள் கட்டக் கூடாத கூரை

ரொறொன்ரோவில் இருந்து மொன்றியலுக்கு ஆட்கள் மலை பார்க்கப் போவார்கள், மாதா கோயிலுக்குப் போவார்கள். நான் போனது தம்பி அன்ரனுக்காக. 2008 ஒக்டோபர், நன்றி நவிலல் விடுமுறைத் திங்கள். புதன் காலை அவனுக்கு இருதய வால்வு மாற்றும் சத்திரசிகிச்சை. "அக்கா, உள்ளுக்கு கொண்டுபோக முதல் நீங்கள் பக்கத்தில நிண்டு ஒரு செபம் சொல்ல வேணும்" என்று தொலைபேசியில் கேட்டிருந்தான். வருகிறேன் என்றேன். செபத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. போரில் இடம்பெயர்ந்து வன்னியில் பிளாஸ்ரிக் தறப்பாள் கூரை போட்ட கொட்டிலில் கிடந்தபோது அம்மா காய்ச்சலில் செத்துப்போனா. அதற்குப் பிறகு நான் கடவுளோடு கதைப்பதில்லை.

பேருந்து 540 கிலோமீற்றரை ஆறரை மணி நேரத்தில் ஓடி முடித்தது. நிலையத்தில் இருந்தே மெற்றோ பிடிக்கலாம். சீட்டு இரண்டு டொலர் எழுபத்தைந்து சதம். செம்மஞ்சள் பாதையில் ஸ்னோடன் வரை போய் நீலப் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே கோட்-டெ-நெய்ஜ். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நடக்க வேண்டும். ஏற்றமான தெரு, சில்லு நல்லதாக உள்ள பெட்டியாகக் கொண்டுபோங்கள்.

தம்பி இருப்பது மேல்மாடியில். அவனுடைய சமையலறை யன்னலால் பார்த்தால் கீழ்வீட்டுக்காரரின் பின்முற்றம். அங்கே ஒரு கொட்டில் நின்றது: பலகைச் சுவர், மேலே பைன் கிளைகள், கிளைகளுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வானம். "யூத ஆக்கள் அக்கா. இண்டைக்குப் பின்னேரம் பெருநாள் துவங்குது. ஒரு கிழமைக்கு அதுக்குள்ளதான் சாப்பாடு" என்றான் தம்பி. பாவம், கூரை வேலையை முடிக்க நேரம் கிடைக்கவில்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை வானம் கறுத்தது. கீழ்வீட்டார் தொழுகைக்குப் போயிருந்தார்கள். என் கை சும்மா இருக்குமா? தம்பியின் காரில் நீலத் தறப்பாள் ஒன்று கிடந்தது. (கொட்டிலில் வளர்ந்தவனின் காரில் அது இல்லாமலா இருக்கும்!) ஏணியும் முற்றத்திலேயே இருந்தது. கூரையை முழுக்க மூடி, நான்கு மூலையிலும் வன்னிக் காற்றுக்கே அசையாத முடிச்சுப் போட்டேன். பெருமையாகவும் இருந்தது.

மதியம் அவர்கள் திரும்பி வந்து, சூப் சட்டியோடு முற்றத்தில் நின்றார்கள். உள்ளே போகவில்லை. வீட்டுக்காரி ரிவ்காவுக்கு என் வயதிருக்கும். யன்னலில் என்னைக் கண்டதும் சிரித்தாள். நான் இறங்கிப் போனேன்.

"உங்களுக்கு நல்ல மனசு," என்றாள் ஆங்கிலத்தில். "ஆனால் கிளைகளுக்கு மேலே மூடியிருந்தால் நாங்கள் உள்ளே இருந்து சாப்பிட முடியாது."

"அவிழ்த்துவிடுங்களேன்."

"இன்று திருநாள். இந்த மாதிரி முடிச்சை அவிழ்ப்பதும் எங்களுக்கு விலக்கான வேலை." தறப்பாளை அண்ணாந்து பார்த்து, "அவிழ்க்கச் சொல்லி உங்களைக் கேட்கவும் மாட்டோம்," என்றாள். பிறகு சட்டியைப் பார்த்தாள். "சூப் ஆறிக்கொண்டிருக்கிறது."

வெட்கம் பிடுங்கித் தின்ன, ஏணியில் ஏறினேன். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. கடைசி மூலையைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் எடுத்தேன்.

எங்கள் இருவரையும் சாப்பிட அழைத்தார்கள். மெல்லத் தூறியது. சூப் கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்தால் வீட்டுக்குள் போகலாமாம். "பத்தடியில் நல்ல வீடு இருக்க, இது எதற்கு?" என்று கேட்டேன். எகிப்தை விட்டு வெளியேறிய முன்னோர் பாலைவனத்தில் கொட்டில்களில் இருந்ததன் நினைவு என்றாள் ரிவ்கா. "வீட்டுக்குள்ளேயே இருந்தால் கூரைதான் காப்பாற்றுகிறது என்று நினைத்துவிடுவோம். காப்பாற்றுகிறவர் வேறு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்களுக்கும் கொட்டில் இருந்தது. என் அம்மாவை ஒருவரும் காப்பாற்றவில்லை," என்றேன்.

ரிவ்கா விளக்கம் சொல்லப் புறப்படவில்லை. "ஏன் என்று எனக்குத் தெரியாது," என்றாள். என் கோப்பையில் இன்னொரு அகப்பை சூப் ஊற்றினாள். அந்தப் பதிலுக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

தம்பி கூரையைப் பார்த்தபடி தமிழில் கதைத்தான். "எங்கட தறப்பாளிலயும் ஓட்டை இருந்தது அக்கா, நினைவிருக்கே? அதுக்குள்ளால நான் நட்சத்திரம் எண்ணிக்கொண்டு படுப்பன். பக்கத்தில நீங்கள் செபம் சொல்லுவியள். அம்மா செத்த அண்டைக்கும் சொன்னனீங்கள். அதாலதான் நான் பயப்பிடேல்லை."

அன்றைக்கு நான் செபம் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. கடவுள் கைவிட்ட இடம் என்று இத்தனை வருடம் நான் நினைத்திருந்த கொட்டிலில், யாரோ காவல் இருப்பதாக நம்பி இவன் நித்திரை கொண்டிருக்கிறான். அந்தக் காவல் என் வாயால் வந்திருக்கிறது. அந்த மேசையிலேயே அழுதேன்.

போகிறவர்களுக்கு: இந்தப் பெருநாள் செப்டம்பர் கடைசியிலோ ஒக்டோபரிலோ வரும், நாள் வருடத்துக்கு வருடம் மாறும். விசாரித்துவிட்டுப் போங்கள். தடித்த மேலங்கி கட்டாயம் வேண்டும், கொட்டிலுக்குள் குளிர் எலும்பு வரை போகும். கூப்பிட்டால் மறுக்காமல் போய் இருங்கள். ஓட்டைக் கூரையைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை பரபரக்கும். தறப்பாள் காரிலேயே இருக்கட்டும்.

புதன் காலை, தள்ளுவண்டி பக்கத்தில் நின்று செபத்தைத் தொடங்கினேன். பாதியில் வார்த்தை மறந்துவிட்டது. நான் தடுமாறி நிற்க, அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவையும் சாத்திவிட்டார்கள்.

அடுத்த நாள் தொண்டைக் குழாயை எடுத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, அரைவாசியில விட்டியளே, முடிச்சனீங்களோ?"

"ஓமடா," என்றேன். "மறந்த இடத்துக்கு என்ர சொல்லைப் போட்டு முடிச்சனான்."