சைக்கிளில் போய் வாசித்த மரண அறிவித்தல்

என் தம்பி கோபிசங்கரைப் பற்றி நான் எழுதினால், தமக்கை என்பதால் புளுகுகிறாள் என்பார்கள். பயப்பட வேண்டாம். தமக்கை என்பதால்தான் இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

கொக்குவில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் எங்கள் கடை. முன்பக்கம் போட்டோக்கொப்பி மெஷினோடு நான். பின்பக்கம் கம்பியூட்டரோடு அவன். கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட மலர், மரண அறிவித்தல் எல்லாம் அவன் கையால் பக்கம் கட்டித்தான் அச்சுக்குப் போகும். முன்னர் ஊரில் எல்லோரையும் போல அவனும் களவாக இறக்கிய மென்பொருளில்தான் வேலை செய்தான். ஒருநாள் வைரஸ் வந்து முழுவதையும் துடைத்துவிட்டது. வேறொருவன் என்றால் இன்னொரு களவுப் பிரதியைத் தேடியிருப்பான். இவனுக்கு ஞானம் பிறந்துவிட்டது. லினக்ஸைப் போட்டான். அதற்குமேல் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் போட்டான். திறந்த மூலம், எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம் என்று கடைக்கு வந்த சனத்துக்கெல்லாம் பிரசங்கம். அடையாள அட்டையைப் பிரதியெடுக்க வந்த ஒரு மனிசன், "தம்பி, எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே தாளிலை வந்தால் காணும்" என்று கும்பிட்டுக் கேட்டார்.

மென்பொருளில் குறை சொல்ல முடியாது. பழைய பதிப்பில் தமிழ் எழுத்தின் கொம்புகள் இடம் மாறி நின்று மானத்தை வாங்கின. புதிய பதிப்பில் ஒழுங்காக வந்தன. அத்தோடு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே? மாட்டான். எழுத்துருவை மாற்றுவான், ஓரத்து இடைவெளியை மாற்றுவான், நிறங்களை அச்சகத்து மெஷினுக்கு ஏற்றபடி அமைப்பான், பிறகு அமைத்ததைக் கலைப்பான். ஒரு நோட்டீஸ் கட்ட அரை மணித்தியாலம் என்றால், அதைக் கட்ட மென்பொருளை ஆயத்தம் செய்ய அரைநாள்.

இவனையும் ஒருத்திக்குப் பிடித்தது. இணுவில் பரமலிங்கத்தாரின் கடைக்குட்டி தனுசியா, ரீச்சர். பள்ளிக்கூட மலர் கட்டுவிக்க வந்தாள். வந்த பிள்ளையை இருத்தி வைத்து, தாளின் விளிம்பில் எவ்வளவு வெட்டுப்படும் என்று விளக்கினான். தேத்தண்ணி ஆறித் தோல் படர்ந்துவிட்டது. இனி இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் வந்தாள். நான் கிள்ளிப் பார்க்காத குறை.

முறைப்படி பெண் கேட்டு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். பரமலிங்கத்தார் இளைப்பாறிய தபாலதிபர், எதையும் முத்திரை குத்தியது போலத்தான் கதைப்பார்.

"சும்மா கிடைக்கிற சாமானை வைச்சு வேலை செய்யிறவர், நாளைக்கு என்ரை பிள்ளையை எப்பிடி வைச்சிருப்பார்?" என்றார். பிறகு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இதற்குள் லண்டன் மாப்பிள்ளை ஒருவரின் சாதகம் தனுசியாவுக்குப் பொருந்திவிட்டது. வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகப் பேச்சு. தனுசியா தகப்பனோடு கதைப்பதை நிறுத்திவிட்டாளாம். என் தம்பி என்ன செய்தான் தெரியுமா? அழுதானா, சாப்பாட்டை விட்டானா, போய்க் காலில் விழுந்தானா? ஒன்றுமில்லை. மரண அறிவித்தலுக்கு ஒரு வார்ப்புரு செய்தான். பெயர்களையும் உறவுகளையும் ஒரு அட்டவணையில் நிரப்பினால், "பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி முழு அறிவித்தலும் பெட்டிகளில் தானாக வந்து விழுமாம். திகதியையும் அதுவே போடுமாம்.

"உனக்கு விசரோடா?" என்றேன். "வெள்ளிக்கிழமை உன்ரை வாழ்க்கை போகுது, நீ செத்த வீட்டு நோட்டீஸுக்குப் பெட்டி கட்டுறாய்!"

"கையைச் சும்மா வைச்சிருந்தால் எனக்கு விசர் வந்திடும் அக்கா" என்றான். அந்தக் குரலைக் கேட்டபிறகு நான் என் மெஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை நான் லமினேற்றிங் செய்துகொண்டிருந்தேன். அவன் ஒரு பெரிய தாளையும் பசைப் பேணியையும் எடுத்துக்கொண்டு போனான். அது அவனுடைய வழக்கம். வீதியால் சைக்கிளில் போகிறவன் பிரேக் பிடிக்காமல் வாசிக்க வேண்டும், அதுதான் நல்ல நோட்டீஸ் என்பான். எதிரே லைற் போஸ்ற்றில் ஒட்டிவிட்டு, தானே சைக்கிளில் போய் வாசித்துப் பார்ப்பான். அன்றும் ஒட்டினான், வாசித்துக்கொண்டே மிதித்தான், சந்தோசமாக ரயில் கடவையைத் தாண்டினான். திரும்பி வர முன்னர் ரயிலுக்காகக் கேற் விழுந்துவிட்டது.

கடைவாசலில் ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்தி, "அட, எங்கடை பரமலிங்கமும் செத்துப்போட்டாரே!" என்று தலையிலிருந்த துவாயை எடுத்தபோதுதான் நான் வெளியே ஓடினேன்.

சோதித்துப் பார்க்க இவனுக்கு நிறையப் பெயர்கள் தேவைப்பட்டிருக்கின்றன. இவன் மனப்பாடமாக அறிந்த ஒரே குடும்பம் தனுசியாவின் குடும்பம். போஸ்ற்றில் பரமலிங்கத்தார் படத்தோடு காலமாகியிருந்தார். அன்றைய திகதி. "பராசக்தியின் அன்புக் கணவரும், ஜெயசுதன் (சுவிஸ்), பிரியந்தினி (கனடா), தனுசியா ஆகியோரின் பாசமிகு தந்தையும், கோபிசங்கர், லோஜன் (கனடா) ஆகியோரின் அன்பு மாமனாரும்..."

லோஜன் மூத்த மகளைக் கட்டியவர். கோபிசங்கர் என்று அங்கே நின்றது என் தம்பி!

கிழித்தேன். நல்ல பசை, பாதிதான் வந்தது. கிழவர் இணுவில் பக்கம் பறந்துவிட்டார். ரயில் இன்னும் வரவில்லை.

பிறகு நடந்ததைப் பராசக்தி அக்காவே எனக்குச் சொன்னா. முதலில் ஒரு கூட்டம் வந்து அவவைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்ததாம். "ஆர் செத்தது?" என்று அவவும் சேர்ந்து அழுதாவாம். சத்தம் கேட்டு வெளியே வந்த பரமலிங்கத்தாரிடமே ஒருவர், "எப்ப நடந்தது?" என்று கேட்டாராம். அதற்குள் செய்தி எட்டி, சுவிஸிலிருந்து ஜெயசுதன் ரெலிபோன் அடித்துவிட்டான். ரெலிபோனை எடுத்தது தகப்பன். மகன் "அப்பா போட்டாரோ" என்று குழறுவதை முழுவதும் கேட்டுவிட்டு, "நான் தான் கதைக்கிறன்" என்றாராம்.

தம்பி வந்து சேர்ந்து, நான் ஏசி முடிக்கமுதல், பரமலிங்கத்தாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கி நேரே போஸ்ற்றடிக்குப் போனார். கிழிபட்ட தாளைப் பார்த்தார். உள்ளே வந்தார்.

"முழுசா ஒண்டு எடும்."

தம்பி கம்பியூட்டருக்கு ஓடினான். அச்செடுத்துக் கொடுத்தான். அவர் கண்ணாடியைப் போட்டு, என் மேசையிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்தார்.

"இளைப்பாறிய தபாலதிபர் எண்டு இல்லை. முப்பது வரியம் சும்மாவோ உழைச்சனான்?" ஒரு கோடு. "என்ன படம் இது? சண்டைக்குப் போறவன் மாதிரி. வேறை போடும்." இன்னொரு கோடு. மருமக்கள் வரியில் பேனை நின்றது.

"உதுக்கு என்ன விளக்கம்?"

"மருமக்கள் பெட்டியிலை ரெண்டு பேர் வேணும் ஐயா" என்றான் தம்பி. தலை நிமிரவில்லை. "வேறை ஆற்றையும் பேர் போட எனக்கு மனம் வரேல்லை."

பரமலிங்கத்தார் கதிரையை இழுத்து இருந்தார். தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"பிள்ளை, என்ரை மூத்தவன் இண்டைக்கு ரெலிபோனிலை அழுதவன். அழுறதைத் தவிர அவனாலை வேறென்ன ஏலும்? ரிக்கெற் எடுத்து வர என்ரை சாம்பலும் ஆறிடும்." விரலால் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். "சுவிஸ். கனடா. கனடா. எல்லாற்றை பேருக்குப் பக்கத்திலையும் அடைப்புக்குறிக்குள்ளை ஒரு தேசம் நிக்குது. தனுசியாவுக்கும் லண்டன் எண்டு எழுதிப்போட்டால், இந்த நோட்டீஸை ஒட்டுறதுக்கும் கூலிக்குத்தான் ஆள் பிடிக்கவேணும்."

சிவப்புப் பேனையால் என் தம்பியின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார். அதிலிருந்து ஒரு அம்புக்குறியை லோஜனுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார்.

"மூத்த மருமகன் இருக்க இளையவர் முந்தக்கூடாது. திருத்தும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன். இந்த மடையன் மட்டும் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, பெயரைக் கவனமாக நகர்த்திவிட்டு, "ஐயா, கடைசியிலை போட்டால் என்ரை பேர் பெட்டிக்கு வெளியிலை போகுது" என்றான்.

"பெட்டியைப் பெருப்பியும்" என்றார் பரமலிங்கத்தார்.

பெருப்பிக்கப் போன கை பாதியில் நின்றது. மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு மவுஸை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.