படுக்கையறையில் ஒரு கோழிப் பல்பு

அதிகாலை நாலரை மணி. கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிந்தது, மின்விசிறிக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த ஒரு மஞ்சள் பல்பு. அந்த இடத்தில் எங்களுக்குப் பல்பே கிடையாது. முந்தின நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டு அலுப்போடு வந்து படுத்ததில், நாங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அதை யாரோ மாட்டியிருப்பதைக் கவனிக்கவில்லை. சுவிட்சைத் தேடினேன். சுவிட்ச் இல்லை. ஒயர் ஜன்னல் வழியாக வெளியே போய், கோழி ஷெட்டின் டைமரில் சேர்ந்திருந்தது.

என் கணவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "எங்கம்மா என்னையும் சேத்து முட்ட வைக்கச் சொல்லுது போல" என்றார் உள்ளிருந்து.

இது போன வருடம் ஆவணி மாதத்தில் நடந்தது. மோகனூர் பக்கம் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. மாதவிலக்கு வருவது நின்றிருந்தது. முதலில் உண்டாகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பரிசோதித்துப் பார்த்தால் இல்லை. நட்டநடு மார்கழியில் வியர்த்துக் கொட்டியபோதுதான் சந்தேகம் வந்து, சேலத்தில் ஒரு டாக்டர் அம்மாவிடம் போனோம். என் மாமியாரும் கூட வந்தார்.

டாக்டர் ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, சிலருக்கு நாற்பது வயதுக்கு முன்பே இப்படி நின்றுவிடும் என்றார். பிறகு நிதானமாக, "முட்டை இருப்பு அனேகமா தீர்ந்துடுச்சும்மா" என்றார்.

டாக்டர் சொன்னது கருமுட்டையை. என் மாமியாருக்கு முட்டை என்றால் முட்டைதான். முப்பது வருடத் தொழில். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, தீவனத்துல ஏதாச்சும் குறையுங்களா?"

டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். சத்து மாத்திரை, பொடி எதுவும் முட்டையைத் திரும்பக் கொண்டுவராது. எலும்புக்கும் இதயத்துக்கும் ஹார்மோன் மாத்திரை கட்டாயம் சாப்பிட வேண்டும். குழந்தை வேண்டுமென்றால் வேறொரு பெண்ணிடமிருந்து முட்டை தானமாக வாங்கி முயற்சி செய்யலாம்.

"நாங்க வெளிய முட்டை வாங்கறதில்லைங்க" என்றார் மாமியார், கொஞ்சம் ரோஷத்தோடு.

ஊருக்கு வந்ததும், டாக்டர் பலன் இல்லை என்று சொன்னதையெல்லாம் முறையாக ஆரம்பித்தோம். கணவர் செல்போனிலேயே மீன் எண்ணெய் மாத்திரை வரவழைத்தார். நான் ஆளிவிதைப் பொடி, சதாவரி லேகியம் வாங்கினேன். சேந்தமங்கலம் சந்தையில் கொல்லிமலைச் சரக்கு என்று ஒருவர் விற்ற வேரையும் வாங்கி இடித்தோம். அது என்ன வேர் என்று இன்றுவரை தெரியாது. காபியை நிறுத்தினேன். வீடியோ பார்த்து யோகா செய்தோம். கணவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சமையலறை அலமாரியைத் திறந்தால் தீவன மில் வாசனை. டாக்டர் எழுதித் தந்த ஹார்மோன் மாத்திரை மட்டும், உடம்புக்குச் சூடு என்று யாரோ சொன்னதால், பிரிக்காமல் கிடந்தது.

மாமியாருக்கு இந்தப் பொடிகளில் நம்பிக்கை வரவில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் வேறு. முட்டை குறைந்தால் முதலில் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். பகலும் பல்புமாகப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் பட்டால்தான் கோழி ஒழுங்காக முட்டை வைக்கும். எங்கள் அறைக்குப் பல்பு வந்த கதை இதுதான். அடுத்தது சத்தம். எங்கள் ஜன்னல் பக்கம் யாரும் டிராக்டரை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். மூன்றாவது, வெளியாளை உள்ளே விடக் கூடாது; சீக்கைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

கணவரின் பெரியம்மா எடப்பாடியிலிருந்து கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். சொம்புத் தண்ணீரை வாங்கும்முன்பே "விசேஷம் ஏதாச்சும் உண்டா கண்ணு?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்பவர். மாமியார் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"உள்ள வராதீங்க அக்கா. கோழிக்குச் சீக்கு."

"நான் ஊட்டுக்குத்தான வாரேன், ஷெட்டுக்கா வாரேன்?"

"இப்போதைக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க."

பத்திரிகைத் தட்டு கேட்டுக்கு மேலாகவே கை மாறியது. ஜன்னலுக்குப் பின்னால் நின்று, பல மாதங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

தை மாதம் மறுபடி சேலத்தில் பரிசோதனை. ஒரு மாற்றமும் இல்லை. நாங்கள் வீடு திரும்பியபோது மாமியார் ஷெட் வாசலில் நின்றிருந்தார். லாரி வந்திருந்தது. வயதான கோழிகளைக் கூடையில் போட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கணவர் காரிலிருந்து இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் மாமியாரிடம் போனேன்.

"அத்தை, முட்ட நின்னு போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

கண்ணை லாரியை விட்டு எடுக்காமல், "கறிக்கு ஏத்தியுட்ருவோம்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அடக் கெரகமே! உன்னைய ஆரு சாமி கோழின்னது?"

"நீங்கதானுங்க அத்தை லைட்டு மாட்டுனீங்க."

அவர் லாரியை அப்படியே விட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். நான் பின்னால் ஓடினேன். எங்கள் அறையில் ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொண்டிருந்தார்.

"முட்டி வலியோட ஏறாதீங்க அத்தை, நான் கழட்டறேன்."

"வலியெல்லாம் இப்ப இல்ல சாமி. உன்ற ஆளிவிதைப் பொடிய நீ எங்க ஒழுங்காத் திங்கற? வீணாப் போகுதேன்னு நாந்தான் தின்னுட்டிருக்கறேன். முட்டைக்கு வாங்குனது முட்டிக்குக் கேட்டுருச்சு."

சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அவரும் என்னைப் பார்க்காமல், பல்பைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே இறங்கினார். நிலைப்படி தாண்டியவர் திரும்பி நின்றார்.

"ஏஞ்சாமி, அந்த டாக்டரம்மா வெளிய முட்ட வாங்கலாம்னு சொன்னாங்கல்ல... ஒடசல் இல்லாமப் பாத்துக் குடுப்பாங்களா?"

அதை நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம், அந்தப் பேச்சில் மாமியாரும் இருக்கிறார். ஹார்மோன் மாத்திரையை அன்று மாலையே பிரித்துவிட்டேன். இப்போதெல்லாம் நாங்கள் ஆறரை மணிக்கு எழுந்திருக்கிறோம். அந்தப் பல்பு மூன்றாவது ஷெட்டில் எரிகிறது.