காவலரணுக்கு நேரே நின்ற வான்

கொழும்பு புறக்கோட்டையில் வெங்காயமும் மிளகாயும் ஏற்றி வெள்ளவத்தைக் கடைகளுக்குப் போடுவது அப்போது என் தொழில். என் வான் வண்டிக்கு அந்தக் கிழமை முழுக்க இழுவை இல்லை. மிதிக்க மிதிக்க உறுமும், ஓடாது. கராஜ்காரன் கழற்றிப் பூட்டிப் பார்த்தும் அந்தச் சனியன் திருந்தவில்லை.

அன்று பக்கத்தில் அத்தான் இருந்தார், என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். புலி என்று ஒருவரை ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போக, சண்டை நடந்த அந்த நாட்களில் அது போதும். வெளியே கூட்டிப்போனால் அவரை முழுசாக அக்காவிடம் சேர்க்கும்வரை எனக்கு நிம்மதி இருக்காது.

பம்பலப்பிட்டியில், வாகனம் நிறுத்தக் கூடாத இடத்தில், ஆமிக் காவலரணுக்கு நேரே வான் குலுங்கி நின்றுவிட்டது. சாவியைத் திருகினேன். சத்தம் மட்டும் வந்தது. காவலரணில் ஒருவன் தோளில் துவக்கோடு எழும்பினான்.

அத்தான் பதறவில்லை. தான் இருந்த சீற்றைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தார். பெற்றோல் வரவில்லை என்றார். காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்துத் திறந்தார். பெற்றோல் மணந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அரசாங்கம் எரிபொருள் போகவிடாத தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் வாகனங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு துளி பெற்றோல். அதற்காக ஆளுக்கொரு போத்தல் பையில் வைத்திருப்பார்கள். கொழும்பில் அப்படிப் பிடிபட்டால் குண்டுக்காரன் என்றுதான் கொண்டுபோவார்கள்.

காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டார். எஞ்சின் பிடித்தது. அதற்குள் ஆமிக்காரன் அத்தானின் கதவடிக்கு வந்து, போத்தல் யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். அத்தான் வாய் திறக்குமுன், என்னுடையது என்றேன். என் அட்டையை வாங்கிப் பார்த்தான். நான் கொழும்பில் பிறந்தவன், சிங்களம் தண்ணி பட்ட பாடு. வானின் கோளாறைச் சொன்னேன், கராஜ்காரனைத் திட்டினேன், வாய் தன்பாட்டில் ஓடியது. அடுத்து அத்தானின் அட்டையைக் கேட்டால் கதை முடிந்தது.

கேட்கவில்லை. போத்தலை வாங்கி மோந்து பார்த்துவிட்டு றோட்டில் கவிழ்த்தான். துவக்குக்கு அசையாத அத்தான் அப்போதுதான் பதறினார். வெளியே குனிந்து, ஊற்றுகிற பெற்றோலுக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திவிட்டார். நான் அவரைச் சட்டையில் பிடித்து இழுத்தேன். ஆமிக்காரன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போகச் சொல்லிக் கைகாட்டினான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அத்தானைத் திட்டுவதற்கு எனக்கு வாய் நிறைய இருந்தது. அவர் நனைந்த கைகளைப் பார்த்தபடி இருந்தார்.

"அண்டைக்கு உவ்வளவு பெற்றோல் இருந்திருந்தா, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பன், தம்பி."

அவருடைய தாய் இறந்தது எனக்குத் தெரியும். எப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.