கீழ்ப்பக்கம் எது?

தேனியில் பருத்தி அரவை ஆலை ஒன்றில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். நிறைவான வேலை. ஆணி முதல் பெல்ட் வரை அதனதன் இடத்தில் இருக்கும்.

இன்ஜின் சுழற்றும் நீண்ட ஷாஃப்ட்டை, கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள் தாங்கின. ஒவ்வொன்றிலும் ஷாஃப்ட்டுக்கு மேலே ஒன்று, அடியில் ஒன்று என இரு வெண்கலத் துண்டுகள். அடித்துண்டுக்கு எண்ணெய் சரியாக எட்டாததால், பேரிங்குக்கு ஒன்றாக, எண்ணெய் ஓடக் காடி வெட்டிய புதிய துண்டுகள் இரண்டு மதுரையிலிருந்து வந்தன. மானேஜர் சென்னைக்காரர். இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டரிடம் இரண்டையும் கீழ்ப்பக்கம் மாட்டச் சொன்னார். மாலையில் மாட்டியாகிவிட்டது என்று பிட்டர் வந்து சொன்னார்.

மறுநாள் மேற்குப் பேரிங் புகைந்தது. திறந்தால் பழைய துண்டுகள் அப்படியே இருந்தன. சொன்னதைச் செய்யாமல் பொய் சொன்னதாக மானேஜர் கொதித்தார். கணக்கை முடித்துக்கொண்டு போகச் சொன்னார். பிட்டர் கோம்பைக்காரர், குடும்பஸ்தர். ஆனாலும் குரலைத் தாழ்த்தவில்லை.

"கீழ்ப்பக்கம் மாட்டச் சொன்னீக, மாட்டிட்டேன். ரெண்டும் அங்கன கிழக்குப் பேரிங்ல இருக்கு. போயிப் பாருங்க."

"கீழ்ப்பக்கம்னா தரைப் பக்கம்யா."

"அது அடி. எங்க ஊர்ல கீழ்ப்பக்கம்னா பொழுது கிளம்புற பக்கம். நீங்க சொல்றபடி பாத்தா, மேலத்தெருக்காரக எல்லாம் கூரை மேலயா குடியிருக்காக?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிழக்குப் பேரிங்கைத் திறந்து காட்டினோம். மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாகப் புதிய துண்டுகள் இரண்டும் ஒழுங்காகப் பொருந்தியிருந்தன. மானேஜர் குனிந்து பார்த்தார். கணக்கு முடிக்கும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

அன்றே கிழக்குப் பேரிங்கில் 1, மேற்குப் பேரிங்கில் 2 என்று பெயிண்டால் எழுதினேன். மேல் துண்டுக்கு மூடி, மற்றதற்கு அடி என்று பெயர் வைத்தோம். இன்ஜின் அறைச் சுவரில் ஷாஃப்ட்டின் படத்தைச் சுண்ணாம்பால் வரைந்தேன். எதை மாற்றினாலும் முதலில் மூவரும் இயந்திரத்தருகே போய் இடத்தைத் தொட்டுக் காட்டுவது, மாற்றியதும் படத்தையும் திருத்துவது என்று பேசிக்கொண்டோம்.

அடுத்த வாரம் எண்ணெய்க் குழாயின் வளைவை மாற்ற வேண்டியிருந்தது. பிட்டர் ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"கையை வச்சுக் காட்டுங்க, சார். பொறகு கழட்டுறேன்."

மானேஜர் வெள்ளைச் சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, எண்ணெய் வழிந்த குழாயைப் பிடித்தார்.